டெலவேர் வளர்த்த வானோடிகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

விமானம் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் எத்தனை? ரைட் சகோதரர்கள் என்போம். சற்று யோசித்தால் லிண்ட்பர்க் என்போம். அதற்குமேல் கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். பாடநூல்களும் பெரும்பாலும் அத்துடன் நிறுத்திக் கொள்கின்றன. ஆனால் ஒரு விமானம் வானில் ஏற வேண்டுமானால் அதற்குப் பின்னால் வரைபடம் வரைந்தவர், மரச்சட்டம் இழைத்தவர், சோதித்துப் பார்த்தவர், கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று ஒரு பெரும் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தை யார் நினைக்கிறார்கள்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெலவேர் என்றொரு மாநிலம் உண்டு. நிலப்பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். எங்கள் சேலம் மாவட்டத்தின் அளவே இருக்கும். மொத்தம் மூன்றே உள்மாவட்டங்கள். பரப்பில் அந்நாட்டு மாநிலங்களுள் கடைசிக்கு முந்தியது. 1787-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்க அரசியல் சட்டத்தை எல்லாருக்கும் முன்னதாக ஏற்றுக் கொண்டதால் 'முதல் மாநிலம்' என்ற பெருமை மட்டும் அதற்கு உண்டு. இத்துணைச் சிறிய மாநிலத்தார் தம் மண்ணோடு தொடர்புடைய வானோடிகளையும் விமானத்துறை முன்னோடிகளையும் போற்றுவதற்கென்றே ஒரு புகழ்க்கூடம் அமைத்திருக்கின்றனர் என்பதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சேலம் மாவட்டத்தளவு நிலத்தில் போற்றுவதற்கு அத்தனை விமானிகளா என்று எண்ணினேன். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்கச் சிரிப்புப் போய் வியப்பு வந்தது. அங்கே முதலிடம் பெறத் தக்கவர்கள் என்று நான் கருதும் இருவரில் ஒருவர்கூட டெலவேரில் பிறந்தவர் அல்லர்! பிறந்த மண் எது என்று பாராமல், உழைத்த மண் எது என்று பார்க்கிறது அந்தச் சிறு மாநிலம்.

முதலாமவர் ஜியூசெப்பே பெல்லங்கா. இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில் ஷாக்கா என்ற ஊரில் 1886-இல் பிறந்தார். மிலான் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போதே விமானப் பித்துப் பிடித்து, நண்பர்களுடன் சேர்ந்து 1909-இல் ஒரு விமானத்தைக் கட்டினார். 1911-இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றார். அங்கே தானே ஒரு விமானம் கட்டி, அதைத் தானே ஓட்டிப் பழகி, பிறகு ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் ஃபியோரெல்லோ லாகார்டியா. பின்னாளில் நியூயார்க் நகர மேயராகப் புகழ்பெற்றவர். ஆசிரியர் மாணவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். மாணவர் ஆசிரியருக்கு மோட்டார் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார் என்று சொல்லுவார்கள். நல்ல பண்டமாற்று!

பெல்லங்காவின் சிறப்பு எதில் இருக்கிறது? இங்கேதான் நம் இயற்பியல் பாடம் வந்து நிற்கிறது. விமானத்தின் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்புறத்தில் மிகுந்தும் இருக்கும் என்று நாம் படிப்பதும் இதன் மறுபக்கமே. இதுவே தூக்குவிசை. ஆனால் காற்று இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. காற்றில் நீட்டிக் கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு சட்டமும், சக்கரமும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன. அந்நாளைய விமானங்களில் இறக்கைகளை நிலையாக நிறுத்தக் கம்பிகளும் குறுக்குச் சட்டங்களும் ஏராளம். அவை தாமும் தூக்க மாட்டா, தூக்குகிறவற்றையும் இழுத்துப் பிடிக்கும்.

பெல்லங்கா என்ன செய்தார்? உடற்பகுதியின் அடியிலிருந்து இறக்கைக்குச் சாய்வாகப் போகும் தாங்குசட்டங்களைக் குச்சிபோல் வைக்காமல், அகலமாக்கி, அவற்றையும் சிறு இறக்கைகளின் வடிவத்திலேயே அமைத்தார். தாங்குவதற்காக வைத்த சட்டம் தானும் தூக்க ஆரம்பித்துவிட்டது! விமானத்தின் உடற்பகுதியையும் காற்று வழுக்கிச் செல்லும்படி வடித்தார். இதனால் குறைந்த குதிரைத் திறனுள்ள எஞ்சினே அதிகச் சுமையைத் தூக்க முடிந்தது. நெடுந்தூரப் பறத்தலுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. ஏனெனில், ஒரு அமெரிக்கக் காலன் பெட்ரோல் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் எடை இருக்கும். தூரம் போக எரிபொருள் வேண்டும். எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையின் பாரத்தாலேயே பசி கூடும் வழிப்போக்கன் நிலைதான் விமானத்தின் நிலையும்.

1926-இல் ரைட் நிறுவனத்துக்காக அவர் வரைந்த விமானமே பின்னர் 'கொலம்பியா' என்று பெயர் பெற்றது. 1927 ஏப்ரலில் சேம்பர்லின், அகோஸ்டா என்ற இருவர் அதில் ஏறித் தரையிறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் 51 மணி 11 நிமிட நேரம் வானிலேயே சுற்றிச் சாதனை படைத்தனர். நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் போகத் தேவையானதைக் காட்டிலும் இது மிகுதி. அவ்வழியை இடைநில்லாமல் கடப்பவருக்கு 25,000 டாலர் என்று ஆர்டெய்க் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது.

இனி நான் சொல்லப் போவது எத்தனை பேருக்குத் தெரியுமோ அறியேன். சார்லஸ் லிண்ட்பர்க் முதலில் விரும்பியது இந்தப் பெல்லங்கா விமானத்தைத்தான். 1927 பிப்ரவரியில் 15,000 டாலர் காசோலையுடன் நியூயார்க்குக்கே வந்துவிட்டார். அதற்குள் விமானம் லெவின் என்ற வணிகரின் கைக்குப் போயிருந்தது. விமானத்தைத் தருகிறோம், ஆனால் ஓட்டப் போகிறவர் யார் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்றார் லெவின். பெண்ணைத் தருகிறோம், ஆனால் மாப்பிள்ளையை நாங்கள் பிறகு சொல்லுகிறோம் என்பது போன்ற பேச்சு! லிண்ட்பர்க் திரும்பிவிட்டார். சான்டியாகோவில் ரையன் நிறுவனம் இரண்டே மாதங்களில் கட்டிக் கொடுத்த வேறொரு விமானத்தில் மே 20-ஆம் நாள் புறப்பட்டு, 33 மணி நேரத்துக்குச் சற்று மேல் தனியாகப் பறந்து பாரிசில் இறங்கி, உலகப் புகழ் பெற்றார். அந்த நாளில் கொலம்பியா எங்கே இருந்தது? யார் அதில் போவது என்ற சண்டை நீதிமன்றம்வரை போய், வழக்கில் சிக்கிக் கொட்டகைக்குள் நின்று கொண்டிருந்தது.

(அட்லாண்டிக்கை முதன்முதலில் இடைநில்லாமல் கடந்தவர் லிண்ட்பர்க் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1919-லேயே ஆல்காக், பிரௌன் என்ற ஆங்கிலேயர் இருவர் கடந்துவிட்டனர். தனி ஒருவராக, நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு என்பதே லிண்ட்பர்க்கின் பெருமை.)

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 4-ஆம் நாள் சேம்பர்லின் கொலம்பியாவில் புறப்பட்டார். லெவின் பயணியாக ஏறிக் கொண்டார். லிண்ட்பர்க் பறந்தது 3,610 மைல்; இவர்கள் 3,911 மைல் பறந்து ஜெர்மனியில் ஐஸ்லேபன் என்ற ஊரருகே இறங்கினர். முன்னவரைவிட 301 மைல் அதிகம். கூடவே ஒரு பயணி. ஆனால் இரண்டாவதாக வந்தவரை யார் தோளில் தூக்குவார்கள்?

லெவினுடன் ஒத்துப்போக முடியாமல் பெல்லங்கா பிரிந்தார். அப்போது அவருக்குக் கைகொடுத்தது டெலவேர் மாநிலம். வெடிமருந்துத் தொழிலால் செல்வம் சேர்த்த டூபாண்ட் குடும்பத்தாரின் முதலீட்டுடன் நியூகாசில் என்ற சிற்றூரின் ஓரத்தில் விமானத் தொழிற்சாலையும் ஓடுதளமும் எழுந்தன. கட்டிய விமானத்தை வாசலிலேயே ஏற்றிப் பார்க்கலாம். அங்குக் கட்டப்பட்ட விமானங்கள் போகாத திசை இல்லை. கனடாவின் வடகோடியில் சாலையே இல்லாத பனிப் பாலைவனத்தில் இருந்த சுரங்கத்திலிருந்து ரேடியம் தாது சுமந்தது ஒரு பெல்லங்கா விமானம்.

1931 அக்டோபரில் ஜப்பானின் மிசாவா கடற்கரையிலிருந்து பாங்க்போர்ன், ஹெர்ண்டன் என்ற இருவர் 'மிஸ் வீடால்' என்ற பெல்லங்கா விமானத்தில் கிளம்பினர். பசிபிக் மாகடலை அதுவரை எவரும் விமானத்தில் இடைநில்லாமல் கடந்ததில்லை. தூரமோ 4,500 மைல். காற்றின் தடையையும் எடையையும் குறைக்க என்ன வழி? விமானம் மேலெழுந்த பிறகு சக்கரங்களுக்கு வேலை இல்லையே! எனவே சக்கரங்களைக் கழன்று விழும்படி அமைத்து, கடலுக்குமேல் போனதும் கழற்றிவிட்டனர். சக்கரங்கள் விழுந்தன, ஆனால் அவற்றைத் தாங்கிய இரண்டு தண்டுகள் விழாமல் ஒட்டிக் கொண்டன. அவற்றோடு வயிற்றால் இறங்கினால் அவை உள்ளே குத்திவிடும். பாங்க்போர்ன் சுமார் 14,000 அடி உயரத்தில், உறைய வைக்கும் குளிரில், வெறுங்காலுடன் வெளியே வந்து, தாங்குசட்டத்தின்மேல் காலூன்றி நின்று அந்தத் தண்டுகளைக் கழற்றினார். பெல்லங்காவின் அகன்ற தாங்குசட்டம் இறக்கையை மட்டுமன்றி ஒரு மனிதரையும் அன்று தாங்கியது! 41 மணி நேரத்துக்குப் பின் அமெரிக்காவின் வெனாச்சி நகரில் சக்கரமின்றி வயிற்றாலேயே வழுக்கி இறங்கினர்.

லிண்ட்பர்க்கின் விமானம் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. கொலம்பியாவோ, 1930-இல் இரண்டாம் முறையும் அட்லாண்டிக்கைக் கடந்த பெருமையுடன், 1934 ஜனவரியில் டெலவேர் கொட்டகையில் பற்றிய தீயில் சாம்பலாயிற்று. மிஸ் வீடால் கைமாறி, வேறு பெயர் சூட்டப்பட்டு, 1932-இல் ரோம் நகரை நோக்கிப் போகையில் அட்லாண்டிக்கில் மறைந்து போயிற்று. 1950-களில் தொழிற்சாலை மூடப்பட்டது. 1960-இல் பெல்லங்கா மறைந்தார். ஓடுதளம் இருந்த இடத்தில் புல் முளைத்தது. பாழடைந்து கிடந்த ஒரு கொட்டகையை அவ்வூர் மக்களே பின்னாளில் கூடிச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினர் என்பது ஓர் ஆறுதல். என் தந்தை முப்பதாண்டுகளாகத் தறி ஓட்டுகிறார். அவர் நெய்த சேலையில் கடையின் பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது. எனவே அந்தக் கொட்டகையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அது ஏதோ சொந்தச் செய்திபோல் இருந்தது.

டூபாண்ட் குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். பணம் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டூபாண்ட், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் தேசிய அளவில் வெற்றி பெற்றவர். 1939-இல் அவருடைய ஆல் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனம் ஒரு விந்தையான தபால் சேவையைத் தொடங்கிற்று. விமான நிலையமே இல்லாத மலைக் கிராமங்களில் இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே கயிறு கட்டி, அதில் தபால் பையை மாட்டி வைப்பார்கள். விமானம் இறங்காமலே தாழப் பறந்து, அந்த ஊருக்கான பையைப் போட்டுவிட்டு, தொங்கும் கொக்கியால் கயிற்றைப் பிடித்துப் பையைத் தூக்கிக் கொண்டு போய்விடும். பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். போர்க்காலத்தில் இதே முறையால் தரையில் இருக்கும் கிளைடர்களையும் மனிதர்களையும்கூடத் தூக்கினர். ராணுவத்தின் கிளைடர்ப் பணிக்குப் பொறுப்பேற்ற ரிச்சர்டு டூபாண்ட் 1943 செப்டம்பரில் ஒரு கிளைடர் விபத்தில் 32-ஆம் வயதில் மாண்டார். அவர் தொடங்கிய நிறுவனம் பல பெயர் மாறி, யு.எஸ். ஏர்வேஸ் என்ற பெரும் விமான நிறுவனமாகி 2015 வரை பறந்தது.

இனி நான் கூற விரும்பும் இரண்டாமவர் ஒரு பெண்மணி: நான்சி ஹார்க்னஸ் லவ். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகள் விமானங்களைக் கட்டிக் குவித்தன. அவற்றைத் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஓட்டிச் செல்ல ஆள் போதவில்லை. ஓட்டத் தெரிந்த ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டனர். ஏற்கனவே நன்கு ஓட்டத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்களை ஏன் அழைக்கக் கூடாது என்று நான்சி கேட்டார். 1942 செப்டம்பரில் பெண் விமானிகளின் துணைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தளம் டெலவேரின் நியூகாசில் படைத்தளம். பெல்லங்காவின் தொழிற்சாலை இருந்த அதே ஊர்ப்பக்கம். தலைவி நான்சிக்கு அப்போது வயது 28. அப்பிரிவில் முதலில் சேர்ந்தவர்கள் 28 பேர்.

சேர்வதற்கு என்ன தகுதி? ஆண்களுக்கு 200 மணி நேரம் பறந்த அனுபவம் போதும். பெண்களுக்கு 500 மணி நேரம் வேண்டும். சம்பளம்? அதே வேலை பார்த்த ஆண்களுக்கு மாதம் 380 டாலர். பெண்களுக்கு 250 டாலர். எங்கள் ஊரில் வயல் வேலைக்கு ஆண்கூலி, பெண்கூலி என்று இரண்டு உண்டு. என் அம்மா வாங்குவது இரண்டாவது. அது வானத்திலும் இருந்தது என்பதை இயற்பியல் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை.

1942 அக்டோபரில் ஆறு பெண்கள் ஆறு சிறு விமானங்களைப் பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க் அருகேயுள்ள தளத்துக்குக் கொண்டு சேர்த்ததே அவர்களுடைய முதல் பணி. பிறகு திறந்த இருக்கைப் பயிற்சி விமானங்கள், அடுத்து வேகமான போர் விமானங்கள், குண்டுவீச்சு விமானங்கள் எனப் படிப்படியாக உயர்ந்தனர். பெட்டி கில்லீஸ் என்பவர் ஐந்தடிக்குச் சற்றே மேல் உயரம். பி-47 என்ற பெரிய போர் விமானத்தின் மிதிகள் அவர் காலுக்கு எட்டவில்லை. மிதிகளின்மேல் மரக்கட்டைகளைப் பொருத்திக் கொண்டு 1943 மார்ச்சில் அதை ஓட்டினார். அவ்விமானத்தை ஓட்டிய முதற்பெண் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் நான்சியும் அவரும் நான்கு எஞ்சின் பொருத்திய குண்டுவீச்சு விமானம் ஒன்றை இங்கிலாந்துக்கு ஓட்டிச் செல்லக் கனடாவின் கூஸ்பே வரை போய்விட்டனர். பெண்கள் கடல் கடந்து ஓட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்து அங்கேயே நிறுத்தப்பட்டனர். விமானம் போயிற்று, ஓட்ட ஆண்கள் அனுப்பப்பட்டனர்.

கோர்னீலியா ஃபோர்ட் என்ற இளம்பெண்ணின் கதை தனி. 1941 டிசம்பர் 7-ஆம் நாள் காலை ஹவாய்த் தீவில் ஒரு மாணவருக்கு விமானப் பயிற்சி கொடுத்துக் கொண்டிருந்தபோது, எதிரே வந்தது பெர்ல் துறைமுகத்தைத் தாக்க வந்த ஜப்பானியப் போர் விமானம்! சட்டென்று விலகி உயிர் தப்பி இறங்கினார். அவ்வளவு நெருக்கத்தில் போரைப் பார்த்தவர், நான்சி அழைத்ததும் டெலவேருக்கு வந்துவிட்டார். 1943 மார்ச் 21-ஆம் நாள் டெக்சாசில் விமானங்களைக் கொண்டு செல்லும்போது, உடன் வந்த இன்னொரு விமானம் அவருடையதன்மேல் உரச, விழுந்து இறந்தார். வயது 24. படைப்பணியில் உயிர் நீத்த முதல் அமெரிக்கப் பெண் விமானி அவர்.

படைப்பணி என்று நான் எழுதிவிட்டேன். அரசாங்கம் அப்படிச் சொல்லவில்லை. இப்பெண்கள் சீருடை அணிந்தாலும், படைத்தளத்தில் தங்கினாலும், படை விமானங்களையே ஓட்டினாலும், ஏட்டில் அவர்கள் குடிமக்கள் பணியாளர்கள் மட்டுமே. 1943 ஆகஸ்டில் இப்பிரிவு இன்னொரு பெண்கள் பயிற்சிப் பிரிவுடன் இணைந்து 'வாஸ்ப்' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் விமானிகளைக் கொண்டதாயிற்று. அவர்களுள் 38 பேர் இறந்தனர். இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பப் பல சமயம் தோழியர் தங்களுக்குள் பணம் வசூலித்தனர். சவப்பெட்டிமேல் நாட்டுக்கொடி போர்த்தும் உரிமையும் இல்லை. 1944 டிசம்பர் 20-ஆம் நாள் அமைப்பே கலைக்கப்பட்டது. போரிலிருந்து திரும்பும் ஆண் விமானிகளுக்கு வேலை வேண்டும் அல்லவா?

முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது 1977-ஆம் ஆண்டில். நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2010 மார்ச்சில் வழங்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் எண்பதும் தொண்ணூறும் கடந்த மூதாட்டியர்; சிலர் சக்கர நாற்காலியில் வந்து பெற்றுக் கொண்டனர். மிகவும் தாமதம்தான். ஆனாலும் நான் அந்தச் சிறு மாநிலத்தின் வழக்கத்தை இதனால்தான் பாராட்டுகிறேன். பெரிய நாடு தன் பெரிய ஏட்டில் எழுத மறந்தவர்களை, இந்த ஓடுதளத்தில் இன்னார் ஏறினார், இந்தக் கொட்டகையில் இன்னார் இழைத்தார் என்று பெயர் சொல்லி எழுதி வைக்கச் சிறிய இடத்தாரால் முடிகிறது. அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் அல்லவா!

நான்சி லவ் 1976 அக்டோபரில் காலமானார். சட்டம் வர இன்னும் ஓராண்டு இருந்தது. அவர் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்து வந்த பெட்டி ஒன்றை அவர் மறைவுக்குப் பின் திறந்து பார்த்தார்கள். 1940-ஆம் ஆண்டு வாக்கில், விமானம் ஓட்டத் தெரிந்த பெண்கள் யார் யார் என்று அவர் கைப்பட எழுதிய பட்டியல் அதில் இருந்தது. அதனுடன் பத்திரிகைத் துணுக்குகளும் புகைப்படங்களும் இருந்தன. அவர் தலைமையின்கீழ் பறந்து இறந்துபோன ஒவ்வொரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது.